பதினோரு வீட்டுக் கொடிக்கம்பி

ஐப்பசி மழை நான்கு நாள் விடாமல் பெய்தால் எங்கள் வீட்டுச் சுவரில் எறும்பு ஊறும். கண்ணுக்குத் தெரியாத எறும்பு. தூக்கத்தில் புரளும்போது முழங்கை சுவரில் உரசினால், தோலுக்கு அடியில் யாரோ நூல் கோத்து இழுப்பதைப் போல ஓர் ஓட்டம் தோள்வரைக்கும் வந்து நிற்கும். எங்கள் தெருவில் அதற்குச் "சுருக்கு" என்று பெயர். "இன்னிக்கு உங்க செவுத்துல சுருக்கு இருக்கா?" என்று ஒரு வீட்டுப் பெண் அடுத்த வீட்டுப் பெண்ணைக் கேட்பதும், "வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சா?" என்று கேட்பதும் எங்களுக்கு ஒரே மாதிரியான கேள்விகள்தான். சுவரில் கசிவது மின்சாரம் என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு சேர்ந்து குடியிருக்கப் பழகியிருந்தோம், அவ்வளவுதான்.

வலங்கைமான் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் வரும் தெரு அது. வயல் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்களுக்காக அரசாங்கம் கட்டிக்கொடுத்த பதினோரு தொகுப்பு வீடுகள், ஒரே வரிசையில், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கிற நெருக்கத்தில் இருந்தன. கீற்றுக் குடிசையிலிருந்து அந்தச் சிமெண்டுக் கூரைக்கு நாங்கள் குடிவந்தபோது எனக்கு ஐந்து வயது. இனி நெருப்புக்குப் பயப்பட வேண்டாம் என்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் சிமெண்டு வீட்டுக்கு வேறு வியாதிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் கண்டுபிடித்தவள் என் அம்மா ராசாத்தி. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, திருப்பூரில் பனியன் கம்பெனி, கொச்சியில் இறால் உரிக்கும் கொட்டகை, ஓசூரில் பெண்கள் விடுதிச் சமையலறை என்று ஓரிடத்தில் இரண்டு வருஷம் முழுதாகத் தங்காமல் அலைந்தவள் நான். போன இடங்களில் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டை என் அம்மாவைப் போல உற்றுப் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்களில் குறைவு.

முதல் மழைக்காலத்திலேயே கூரையில் விரிசல் விட்டது. எல்லா வீட்டிலும் விட்டது. மற்ற வீடுகளில் ஒழுகும் இடத்தில் அண்டாவையும் குண்டானையும் வைத்துக்கொண்டு, அது நிரம்புவதும் ஊற்றுவதுமாக மழையைக் கழித்தார்கள். அம்மா பொறுத்திருந்து பங்குனி வெயிலில் கூரை மேல் ஏறினாள். அரிவாள் நுனியால் விரிசலைக் கீறிச் சுத்தம் பண்ணி, பழைய வேட்டியை நாடா நாடாவாகக் கிழித்து, தண்ணீராகக் கரைத்த சிமெண்டில் ஊறவைத்து, சைக்கிள் கம்பியால் குத்திக் குத்தி உள்ளே திணித்து, மேலே கெட்டியான சிமெண்டைப் பூசி, மூன்று நாள் ஈரச்சாக்குப் போட்டு வைத்திருந்தாள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் ஒரு சொட்டு இறங்கியதில்லை. அறுவடை முடிந்ததும் எலி வீட்டுக்குள் வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். அதற்கு அவள் எலி வளைகளில் உடைந்த பாட்டில் கண்ணாடியைக் களிமண்ணோடு பிசைந்து அடைத்தாள். வயலுக்கு அடிக்கிற மருந்து பாட்டில் மீந்து வீட்டுக்கு வந்துவிட்டால் அதன் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டி, குழந்தைகள் கை எட்டாத உத்தரத்தில் தொங்கவிடுவாள். மழையில் ஊதிக்கொண்டு திறக்க மறுக்கிற கதவுக்கு மெழுகுவத்தித் துண்டு.

சுவரில் ஊறும் எறும்புக்குத்தான் அவளிடம் முழு வைத்தியம் இல்லை. அதற்குப் பதிலாகச் சில கட்டளைகள் வைத்திருந்தாள். "ஈரக் கையோட சுவிட்சைத் தொடாதே. எதையாச்சும் தொட்டே ஆகணும்னா பொறங்கையால தொடு. பொறங்கைன்னா கை தானா உதறிக்கும். உள்ளங்கைன்னா புடிச்சுக்கும்." மழை நாட்களில் அவள் வீட்டுக்குள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடப்பாள். அதைப் போட்டுக்கொண்டே சமைப்பாள். அடுப்படியில் செருப்பு என்றால் எங்கள் பக்கம் சும்மா விடுவார்களா? "ராசாத்தி வீட்டுச் சோத்துல செருப்பு வாசம் அடிக்கும்" என்று தெருவே சிரித்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் குழம்பைக் கிளறுவாள்.

சொல்ல வந்தது கொடிக்கம்பியைப் பற்றி.

வீடு கட்டியவர்கள் போகும்போது ஒரு சுருள் இரும்புக் கம்பியை விட்டுப் போயிருந்தார்கள். பளபளவென்று துருப்பிடிக்காத கம்பி. அது தெருவுக்கே கிடைத்த சீதனம்போல ஆகிவிட்டது. அதுவரை துணி காயப்போட வைக்கோல் பிரியும் தென்னங்கயிறும்தான். ஒரு மழைக்கு இற்றுப்போய், துவைத்த துணியோடு சேற்றில் விழும். கம்பி வந்ததும் பெண்கள் எல்லோரும் கூடிப் பேசி ஒரே முடிவாகக் கட்டினார்கள். எதில் கட்டுவது? வீட்டு முகப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற ஒரே உறுதியான பொருள், கரண்டுக் கம்பி உள்ளே இறங்குவதற்காக நட்டிருந்த இரும்புக் குழாய். அதை "மெயின் பைப்பு" என்போம். முதல் வீட்டுப் பைப்பில் தொடங்கி, இரண்டாவது வீட்டுப் பைப்பில் ஒரு சுற்று, மூன்றாவதில் ஒரு சுற்று என்று பதினோராவது வீடுவரைக்கும் ஒரே கொடி. அந்தத் தெருவில் சண்டை போடாத இரண்டு வீடு கிடையாது. ஆனாலும் எல்லார் துணியும் ஒரே கம்பியில் காய்ந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

எனக்குப் பதினோரு வயதான ஐப்பசியில், தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. நடவுக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள் அம்மாதான். எந்த வயலில் எப்போது இறங்குவது, எத்தனை பேர் என்று மிராசுதார்களின் காரியக்காரர்கள் அவளிடம்தான் வந்து பேசுவார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் அவளோடு போவார்கள். அன்றைக்கு மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த நான், தம்பியின் சட்டை நனைந்தால் மறுநாள் அவனுக்குப் போட வேறு சட்டை இல்லை என்பதால் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினேன். தூறல் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தது. சட்டையைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்தேன். உள்ளங்கையால்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவருக்கும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. விட வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. கத்துவதற்கு வாய் திறக்கவில்லை. பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கின்றன. கண் மட்டும் வேலை செய்தது. நடவு முடிந்து பெண்கள் தெருவுக்குள் நுழைவது தெரிந்தது. முன்னால் அம்மா, தொடைவரைக்கும் சேறு, புடவையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. என்னைப் பார்த்தாள். ஓடி வந்தாள். ஐந்தாறு எட்டு தூரத்தில் நின்றுவிட்டாள்.

நின்றாள். நான் பார்த்தேன். தெருவும் பார்த்தது.

"ஏ ராசாத்தி! புள்ளையப் புடிடீ!" என்று பின்னால் வந்த பாக்கியம் பெரியம்மா அலறினார். எங்களுக்கு அடுத்த வீடு அவருடையது, அம்மாவுக்கு மூத்தவர். அம்மா அசையாததைப் பார்த்து அவரே என்னைப் பிடித்திழுக்கப் பாய்ந்தார்.

"யாரும் தொடாதீங்க! அக்கா, தொட்டா நீயும் போயிருவ!" என்று அம்மா அவரை முழங்கையால் நெட்டித் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் பாக்கியம் பெரியம்மாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். அங்கே கதவு மூலையில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து, பூண் இல்லாத நடுப்பகுதியைப் பக்கத்தில் கிடந்த காய்ந்த சாக்கால் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்து ஒரே அடி அடித்தாள். கம்பியில் இல்லை, கம்பி அறுந்தால் என்மேலேயே விழும். என் முன்கையில் அடித்தாள். விறகு ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நான் சேற்றில் கிடந்தேன். மழை முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. வலியில் கத்த முடிந்தது. அதற்காகவே அம்மா அழுதாள் என்று நினைக்கிறேன், நான் கத்திவிட்டேன் என்பதற்காக.

கும்பகோணத்து ஆஸ்பத்திரியில் நெஞ்சைச் சோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். கைக்கு, பக்கத்து ஊரில் எலும்பு கட்டுகிறவரிடம் போய் உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு வந்தோம். ஒரு மாதம் இடது கையால் சாப்பிட்டேன். இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. தெரு என்ன பேசியது என்பதுதான் பெரிய விஷயம்.

தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தார்கள். "பெத்த வயிறு பதறி ஓடியார வேணாமா? அஞ்சு எட்டு தள்ளி நின்னு வேடிக்கை பாத்தாளே!" என்றாள் ஒருத்தி. "பாத்தது பத்தாதுன்னு கையையும் ஒடிச்சுல்ல விட்டா" என்றாள் இன்னொருத்தி. எல்லாவற்றிலும் உரக்கப் பேசியவர் பாக்கியம் பெரியம்மாதான். "என்னைத் தள்ளிவிட்டா பாரு ஒரு தள்ளு, இன்னும் இடுப்பு வலிக்குது. நான் புடிச்சிருந்தா புள்ள கை ஒடிஞ்சிருக்காது."

அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஒடிஞ்ச கை கூடும்க்கா" என்றாள்.

ஏன் நின்றாள் என்று என்னிடம் மட்டும் சொன்னாள். கட்டைப் பிரித்து மறுபடி மாவு பூசுகிற ஒரு நாள், நான் கேட்காமலே சொன்னாள். அவளுக்குப் பிறந்த ஊர் கோடியக்கரைப் பக்கம். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் ஒருவர் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவரை இழுக்க ஓடிய அம்மாவின் அண்ணனும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டார். "ஒருத்தருக்கு வெட்டுன குழி ரெண்டு பேருக்கு ஆச்சு" என்று சொல்லிவிட்டு, கட்டின் முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். அந்த அண்ணன் பெயரை அன்றுதான் முதல்தடவை கேட்டேன். தெருவில் யாரிடமும் அவள் இதைச் சொல்லித் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை. அவளுக்கு அதைவிட அவசரமான வேலை இருந்தது. கம்பியைக் கழற்ற வேண்டும்.

லைன்மேன் வந்து பார்த்தார். அன்றைக்கு நல்ல வெயில். பதினோரு பைப்பையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்துவிட்டுச் சொன்னார்: "ஏதோ ஒரு பைப்பு வாயில ஒயரு தோல் உரிஞ்சிருக்கும்மா. எதுன்னு இப்ப சொல்ல முடியாது. வெயில்ல எல்லாம் நல்ல பைப்புதான், மழை பேஞ்சாத்தான் அதது குணம் தெரியும். வீட்டுல மெயினை அமத்தினாலும் இது நிக்காது, மெயினுக்கு முன்னாடியே கசியுது. பதினோரு வீட்டையும் ஒரே கம்பியில கோத்து வச்சிருக்கீங்க, ஒண்ணுல கசிஞ்சா எல்லாத்துலயும் ஏறும். கம்பியை மொத்தமாக் கழட்டிருங்க. சொல்லி அனுப்புங்க, நான் வந்து டிரான்ஸ்பார்மர்ல பீஸைப் புடுங்கிவிடுறேன். பைப்பையும் சரி பண்ணித் தர்றேன்."

அவர் போனதும் தெருவில் ஒரே பேச்சு. எங்கள் பைப்பு இல்லை. எங்கள் பைப்பும் இல்லை. எங்கள் வீட்டுக்காரர் போன வருஷம்தான் அதற்குப் பெயிண்ட் அடித்தார், எங்கள் பைப்பாக எப்படி இருக்கும்? கம்பியைக் கழற்ற ஒருத்தி ஒத்துக்கொண்டால், ராசாத்தி மகளைப் பிடித்தது அவள் வீட்டுப் பைப்புதான் என்று ஆகிவிடும் அல்லவா? அம்மா எங்கள் வீட்டுப் பைப்பில் இருந்த சுற்றைக் கழற்றி எறிந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால், பாக்கியம் பெரியம்மா வீட்டிலிருந்து எங்கள் வீட்டைத் தாண்டி அதற்கடுத்த வீட்டுக்கு ஒரு நீளக் கம்பி போட்டு இணைத்திருந்தார்கள். எங்கள் வாசலுக்கு மேலேயே அது போனது. பக்கத்து வீட்டு உள்பாவாடை எங்கள் நிலைப்படிக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா அதைப் பார்த்துவிட்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "இந்தக் கம்பி இருக்கிறவரைக்கும் உங்க யாரோடயும் நான் வயல்ல இறங்க மாட்டேன்."

"இறங்காட்டிப் போ. நாங்க என்ன உன் கை புடிச்சா நாத்து ஊணக் கத்துக்கிட்டோம்?" என்றார் பாக்கியம் பெரியம்மா. அன்றைக்கே அவர் தலைமையில் பெண்கள் நடவுக்குப் போனார்கள். அம்மா வீட்டில் இருந்தாள்.

நடவு நேரத்தில் வீட்டில் உட்கார்ந்திருப்பது என்றால் என்ன என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்தச் சில வாரங்களில் சம்பாதிப்பதுதான் தைவரைக்கும் வீட்டை நடத்தும். அப்பா நெல் அரவை மில்லில் மூட்டை தூக்கப் போய் வாரத்துக்கு ஒரு தடவை வருவார். அவர் அந்த வாரம் வந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, "ஊரோட ஒத்துப் போயேன்" என்று ஒரு தடவை சொன்னார். அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். நாங்கள் ரேஷன் அரிசிக் கஞ்சியும், அம்மா வரப்பில் பிடித்துவந்த நண்டும், வாய்க்கால் கரைப் பொன்னாங்கண்ணியும் சாப்பிட்டோம். நண்டு ரசம் ருசியாகவே இருந்தது. தம்பி மட்டும், வேறு எந்த வீட்டிலும் தினம் நண்டு வைப்பதில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அம்மா கும்பகோணம் போய் ஒரு டெஸ்டர் வாங்கி வந்தாள். முனையில் பட்டால் உள்ளே சின்ன விளக்கு எரியுமே, அந்தத் திருப்புளி. தெரு அதற்கு "லைட்டுக்கோலு" என்று பெயர் வைத்தது. ஒரு காலைப்பொழுதில் அம்மா ரப்பர் செருப்போடு வீடு வீடாகப் போய், எல்லோரையும் வாசலில் நிற்கவைத்து, ஒவ்வொரு பைப்பிலும் கம்பியிலும் அதை வைத்துக் காட்டினாள். அதுவரை சரிதான். ஆனால் அன்றைக்கும் வெயில். பதினோரு பைப்பிலும் விளக்கு எரியவில்லை. கடைசி வீடுவரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது அவள் பின்னால் ஒரு ஊர்வலமே சிரித்துக்கொண்டு வந்தது.

"லைட்டுக்கோலு செத்துப்போச்சா ராசாத்தி? பேட்டரி போட்டுப் பாரு!"

"பாத்துக்கிட்டியா, எங்க கம்பி சுத்தம்!" என்று பாக்கியம் பெரியம்மா கையைத் தட்டினார். "கொழந்தப் புள்ள மாதிரி இருக்கு. அதைப் போயி பாம்பு பாம்புன்னு கத்துனியே!"

அம்மாவின் முகம் சிவந்திருந்தது. அவள் கறுப்பு, அவள் முகம் சிவந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "மழை வரட்டும்க்கா" என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாளில் வந்தது. விடிந்ததும் எல்லோரும் துவைத்துப் போட்டுவிட்டு நடவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், திடுமென்று பிடித்துக்கொண்டது. வழக்கமாக அப்படி மழை வந்தால் பதினோரு வீட்டிலிருந்தும் பெண்கள் பாய்ந்து வந்து துணியை உருவிக்கொண்டு ஓடுவார்கள். யார் முதலில் என்று ஒரு போட்டியே நடக்கும். அன்றைக்கு எல்லோரும் வாசல்வரைக்கும் வந்தார்கள். வாசலிலேயே நின்றார்கள். ஒருத்தியும் இறங்கவில்லை. எங்கள் வீடு தவிர்த்துப் பத்து வீட்டுத் துணியும் மழையில் தொங்குகின்றன, புடவையும் சட்டையும் குழந்தைத் துணியும் தண்ணீர் குடித்துக் கனத்துக் கம்பியைத் தாழ்த்துகின்றன, அதைப் பதினோரு வாசலிலிருந்து பதினோரு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாய் ஒத்துக்கொள்ளாததைக் கை ஒத்துக்கொண்டுவிட்டது. யாரோ முதலில் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. அம்மா சிரிக்கவில்லை.

பாக்கியம் பெரியம்மா சிரிக்காத இன்னொருவர். அவருடைய பேரப்பிள்ளை, நடக்க ஆரம்பித்த பையன், மழையைப் பிடிக்கப் படியில் இறங்கிக்கொண்டே இருந்தான். அவர் அவனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, கம்பி போகாத பின்பக்கமாகச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அந்த லைட்டுக்கோலை எடுத்துக்கிட்டு வாயேன்டீ" என்றார். குரல் இறங்கியிருந்தது. "இப்ப வச்சுப் பாரு. யாரு வீட்டுப் பைப்புன்னு தெரிஞ்சுரும்ல." "எங்களுதா இருந்தா எல்லாரு முன்னாடியும் சொல்லாதே. எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றார்.

டெஸ்டர் மாடத்தில் இருந்தது. அம்மா அதை எடுக்கவில்லை.

"அது எதுக்குக்கா? யாரு பைப்புன்னு எனக்கு வேணாம். இன்னிக்கு உன்னுது, நாளைக்கு என்னுது. உங்க வீட்டு மாமாவை சைக்கிளை எடுத்துக்கிட்டு லைன்மேன்கிட்டப் போகச் சொல்லு. கரண்டை எடுத்ததும் பதினோரையும் கழட்டுவோம்."

"இப்பவே கரண்டு போயிருச்சேடீ, வீட்டுல பேன் நின்னுபோச்சு."

"போன கரண்டு சொல்லிட்டா திரும்பி வரும்? அவரு பீஸைப் புடுங்கிட்டேன்னு வந்து சொல்றவரைக்கும் ஒருத்தரும் வாசல் இறங்கக் கூடாது."

எங்கள் தெரு என் அம்மா சொன்னதைக் கேட்டு அசையாமல் நின்ற முதல் மணி நேரம் அது. பாக்கியம் பெரியம்மா ஒவ்வொரு வீட்டுக்கும் பின்பக்கமாகப் போய், "யாரு பைப்புன்னு பாக்கப் போறதில்லையாம், எல்லாத்தையும் கழட்டுறாளாம்" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அதைக் கேட்டதும் ஒவ்வொரு வாசலிலும் முகங்கள் இளகியது எனக்கு இன்னும் தெரிகிறது. பதினோரு பேரும் பதினோரு நாளாக அந்தப் பைப்பு தன் வீட்டுடையதாக இருந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார்கள். மழை விட்டு, லைன்மேன் பீஸைப் புடுங்கிவிட்டதாகத் தகவல் சொல்லி, பெரியம்மாவின் வீட்டுக்காரர் திரும்பி வந்த பிறகும், அம்மா முதலில் உலக்கையால் கம்பியைத் தட்டிப் பார்த்தாள், அப்புறம் புறங்கையால் தொட்டாள், அப்புறம்தான் கழற்றினாள். எல்லாப் பெண்களும் இறங்கினார்கள். கம்பியைச் சுருட்டிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். லைன்மேன் பதினோரு பைப்பின் வாயிலும் ஒரே மாதிரிப் புது ஒயர் கோத்து, ரப்பர் வளையம் வைத்து, டேப் சுற்றினார். "இந்தா, இதுதாம்மா…" என்று ஒரு பைப்பின் பக்கத்தில் நின்று ஆரம்பித்தவரை, "வேலையைப் பாருங்க தம்பி, மழை வருது" என்று அம்மா வாயடைத்தாள். அது யார் வீட்டுப் பைப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கொடி இல்லாமல் துணி எங்கே காயும்? அதற்கும் அம்மாவிடம் வழி இருந்தது. நாற்றை வரிசையாக நடச்சொல்லி விவசாய ஆபீஸிலிருந்து நைலான் கயிறு கொடுத்திருந்தார்கள், ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு சிவப்பு முடிச்சோடு. கயிறு பிடித்து நட்டால் பொழுது போதாது என்று எந்தப் பெண்ணும் அதைத் தொடவில்லை. எல்லாம் எங்கள் பரணில் கிடந்தது. அம்மா அதை வீட்டுக்கு ஒன்றாகப் பங்கிட்டாள். வீட்டையோ பைப்பையோ தொடாமல், வாசலில் தனித்தனியே இரண்டு மூங்கில் நட்டுக் கட்டினார்கள். கொஞ்ச நாள் கழித்துக் கயிறு என்ன ஆயிற்று என்று கேட்க வந்த அதிகாரி, தெருமுனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, முடிச்சுக்கு முடிச்சு தொங்குகிற துணிகளை வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா, நாத்தைத்தான் வரிசையா நடல, ஜாக்கெட்டையாச்சும் வரிசையா நட்டிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் நடவுக்கு அம்மா முன்னால் போனாள். பாக்கியம் பெரியம்மா அவளுக்கு இடது பக்கத்தில் நின்று நட்டார்.

நான் வெளியூர் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அந்தத் தெருவில் மெயின் பைப்பு எல்லாம் பிளாஸ்டிக். நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. ஆள் சேர்த்துக்கொண்டு போகிற வேலையும் இல்லை, வரிசைக் கயிறும் இல்லை. சுவரில் சுருக்கு இருக்கிறதா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அந்தச் சொல்லே இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தப் பதினோரு வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி நர்ஸ், இரண்டு பேர் சிங்கப்பூரில், படியில் இறங்கி மழையைப் பிடிக்கப் பார்த்த அந்தப் பையன் கல்லூரி முடித்து வேலைக்குப் போகிறான். சுற்றுவட்டாரத்தில் கரண்டு பிடித்துச் செத்தவர்களைப் பற்றி மழைக்கு மழை கேள்விப்படுகிறேன். எங்கள் தெருவில் ஒருத்தரும் இல்லை. செத்தவர்களுக்காவது சுவரொட்டி ஒட்டுவார்கள். சாகாமல் போனவர்கள், தாங்கள் எதில் சாகாமல் போனோம் என்று தெரியாமலே வளர்ந்து கல்யாணம் பண்ணிக்கொண்டு பிள்ளை பெறுகிறார்கள். ஆகவே நான்தான் இதை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் கொடிக்கம்பியைப் பற்றிக் கேட்டேன். "எந்தக் கம்பி?" என்றாள். நான் முழுக்கச் சொன்ன பிறகு, "ஆமா, உனக்குக் கை ஒடிஞ்சுதுல்ல" என்றாள். அவள் கவனம் அங்கே இல்லை. நாங்கள் பாக்கியம் பெரியம்மாவின் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தோம். பெரியம்மா எங்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து, கேஸ் சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகிற ஆரஞ்சு நிறக் குழாயை விரலால் மடக்கி மடக்கிப் பார்த்தாள்.

"இதுல ஏதோ அச்சடிச்சிருக்கே, என்ன வருஷம்னு படிச்சுச் சொல்லு."

"ஆரம்பிச்சுட்டாடீ உன் ஆத்தா" என்றார் பெரியம்மா. "பால் பொங்கட்டும் இருடீ."

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குழாயில் பாதி அழிந்திருந்த எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாற்ற வேண்டிய வருஷம் போய் இரண்டு வருஷமாகியிருந்தது. அதை நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா ரெகுலேட்டரை மூடியிருந்தாள்.